குத்தின் வலுவா, காலின் கணக்கா? நடக்காத சண்டைகளைக் கணிப்பது பற்றி

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 திரையரங்குகளில் ஒரே இரவில் ஒரு குத்துச்சண்டை காட்டப்பட்டது. மோதியவர்கள் ராக்கி மார்சியானோவும் முகமது அலியும். மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட் என்ற கணக்கோடு 1956இலேயே ஓய்வு பெற்றவர். அலி, வியட்நாம் போருக்குப் போக மறுத்து, 1967இல் உரிமத்தை இழந்து ரிங்குக்கு வெளியே நின்றவர். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர் 1969இல் இருவரையும் ஒரு ஸ்டுடியோவுக்குள் வரவழைத்து, ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்குக் குறையாமல் படம்பிடித்தார். எல்லாம் பாவனை அடிகள்தான். வெற்றி யாருக்கு என்று சொல்லும் பொறுப்பு என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குப் போனது. 13வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் வென்றார் என்று அமெரிக்க ரசிகர்களுக்குக் காட்டினார்கள். ஐரோப்பாவில் ஓடிய பிரதியில் மார்சியானோவின் முகம் கிழிந்து அலி வென்றார். இரண்டில் எதையும் மார்சியானோ பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் அவர் இறந்துபோயிருந்தார்.

ஒரே கணினி, ஒரே படப்பிடிப்பு, ஊருக்கு ஒரு முடிவு. நடக்காத சண்டைகளைக் கணிக்கும் கலை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இது போதும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மைக் டைசன் அலியைச் சாய்த்திருப்பாரா, மார்சியானோவின் வலதுகை இன்றைய நெடியவர்களிடம் செல்லுபடியாகுமா என்று கேட்டால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஓங்கி அடிப்பவரின் கட்சி, “ஒரே ஒரு அடி பட்டால் போதும்” என்கிறது. நுட்பக்காரரின் கட்சி, “பட்டால்தானே” என்கிறது. இரு தரப்பும் தங்களுக்குத் தோதான சண்டைகளை மட்டும் எடுத்துக்காட்டுவதால் வழக்கு முடிவதே இல்லை.

இந்தக் கட்டுரை இரு தரப்புச் சாட்சியங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. “வலுவா, நுட்பமா” என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. எத்தனை ரவுண்டு, எந்த விதி, எந்த ஆண்டின் வீரர், சண்டை எந்தத் தூரத்தில் நடக்கும் என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால் ஓரளவுக்குக் கணிக்க முடியும். அப்போதும் கிடைப்பது ஒரு பெயர் அல்ல, ஒரு விகிதம்.

வலு என்பது எது?

1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தைக் கருவி வைத்து அளந்திருந்தார்கள். உச்ச விசை 4,096 நியூட்டன்; சுமார் 0.4 டன் எடை ஒரு நொடியின் சிறு துண்டுக்குள் வந்து மோதுவதற்குச் சமம். கை நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. இப்படிப்பட்ட வலு இருந்தும் புரூனோ 1984இல் ஜேம்ஸ் ஸ்மித்திடம், 1986இல் டிம் விதர்ஸ்பூனிடம், 1989இலும் 1996இலும் டைசனிடம், 1993இல் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்றார். ஐந்தும் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே முடிந்தவை.

காரணம் எளிது. கருவி அசையாமல் நிற்கும், ஆள் நிற்கமாட்டார். தலை திடீரென்று சுழலும்போது மூளை குலுங்குவதால்தான் பெரும்பாலான நாக் அவுட்கள் நிகழ்கின்றன. வருவது தெரிந்த அடிக்குக் கழுத்து இறுகும், தாடை உள்ளே போகும், உடல் அடியோடு சேர்ந்து நகரும். வருவது தெரியாத அடிக்கு இந்த மூன்றும் கிடையாது. அதனால் சுமாரான வலுவுள்ளவரின் எதிர்பாராத குத்து, பெரும் வலுக்காரரின் எதிர்பார்த்த குத்தைவிட ஆபத்தானது. நாக் அவுட் வலுவில் ஒரு பங்கு தோளில் இருக்கிறது, மறுபங்கு ஏமாற்றும் திறனில் இருக்கிறது.

நுட்பம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரசிகர்கள் பலர் அதைக் கால் ஆட்டம் என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்துக்குப் பிறகு தமிழ் ரசிகருக்கு நுட்ப வீரர் என்றாலே டான்சிங் ரோஸ்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் நுட்பத்துக்குப் பல உறுப்புகள் உண்டு. ஜாபால் தூரத்தைக் காப்பது, அடித்தவுடன் கோணம் மாறுவது, எதிராளி அடி எடுக்கும் கணத்தில் கிளிஞ்சில் கட்டிப்பிடிப்பது, உடம்பில் அடித்து மூச்சைத் திருடுவது, நடுவர் எதைப் பொறுத்துக்கொள்வார் என்று அறிந்து வைத்திருப்பது. அலி முதலிரண்டிலும் கிளிஞ்சிலும் தேர்ந்தவர். உடம்பில் அடிப்பதில் அவருக்கு நாட்டம் குறைவு. பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஐந்திலும் கை தேர்ந்தவர்.

எனவே இரண்டு சாதி வீரர்கள் என்று பிரிப்பதே முழுமையாகச் சரியில்லை. ஜோ லூயிஸ் வலுவுக்குப் பேர்போனவர், ஆனால் அவருடைய குத்துகள் குறுகிய நேர்க்கோட்டில் வந்தன. நாக் அவுட்களின் எண்ணிக்கையில் முன்னணியில் நிற்கும் ஆர்ச்சி மூர், தற்காப்புப் பாடம் எடுக்கத் தகுந்தவர். 1981 செப்டம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் சுகர் ரே லெனர்டும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதியபோது, 32 சண்டைகளில் 30 நாக் அவுட் வைத்திருந்த ஹெர்ன்ஸ் நடு ரவுண்டுகளில் ஜாபை நீட்டி விலகி ஆடிப் புள்ளிகளைச் சேர்த்தார். நுட்பக்காரர் என்று பெயரெடுத்த லெனர்ட் துரத்தி அடித்து 14வது ரவுண்டில் சண்டையை முடித்தார். அந்தச் சண்டை நடக்காமல் போயிருந்தால், கற்பனையில் இருவரின் வேடத்தையும் நாம் தலைகீழாகத்தான் எழுதியிருப்போம்.

நுட்பக்காரர் தரப்புச் சாட்சியங்கள்

முதல் சாட்சி 1892 செப்டம்பர் 7, நியூ ஆர்லியன்ஸ். வங்கியில் எழுத்தராக இருந்த ஜேம்ஸ் கார்பெட், ஊரே அஞ்சிய ஜான் எல். சல்லிவனை 21வது ரவுண்டில் வீழ்த்தினார். அடுத்தது 1926 செப்டம்பர் 23, பிலடெல்பியா. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க, ஜீன் டன்னி பத்து ரவுண்டுகளில் ஜாக் டெம்ப்சியைப் புள்ளியில் வென்றார். பிறகு 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். கேசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலி, சோனி லிஸ்டனை ஏழாவது ரவுண்டுக்கு எழ முடியாமல் செய்தார். சண்டைக்கு முன் கருத்துக் கேட்கப்பட்ட 46 பத்திரிகையாளர்களில் 43 பேர் லிஸ்டன் வெல்வார் என்றிருந்தார்கள்.

இவற்றோடு 2001ஐயும் சேர்க்கலாம். அந்த ஏப்ரலில் மார்க்கோ அன்டோனியோ பரேரா, 35 சண்டைகளில் 31 நாக் அவுட் வைத்திருந்த நசீம் ஹமீதைப் புள்ளியில் வென்றார். செப்டம்பரில் 36 வயது ஹாப்கின்ஸ், நாற்பது சண்டைகளில் தோல்வி காணாத ஃபெலிக்ஸ் டிரினிடாடைக் கடைசி ரவுண்டில் நிறுத்தினார்.

இந்தப் பட்டியல் பலமானதுதான், ஆனால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சல்லிவன் 1889க்குப் பிறகு பட்டத்துக்காகச் சண்டையிடவே இல்லை. டெம்ப்சி 1923 செப்டம்பருக்குப் பிறகு மூன்றாண்டு ரிங் ஏறவில்லை. லிஸ்டன் அதற்கு முந்தைய இரண்டு பட்டப் போட்டிகளையும் முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டதால் நீண்ட சண்டைக்கான மூச்சு அவரிடம் இல்லை. டிரினிடாட் 147 பவுண்டு பிரிவிலிருந்து 160க்கு ஏறி வந்தவர். அதாவது, புகழ்பெற்ற நுட்ப வெற்றிகள் பலவற்றில் வலுக்காரர் துருப்பிடித்தவராகவோ சிறியவராகவோ இருந்தார். நுட்பம் வலுவை வென்றது என்று சொல்லும்போது இந்தக் கழிவைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வலுக்காரர் தரப்புச் சாட்சியங்கள்

1941 ஜூன் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். தன்னைவிட 25 பவுண்டு கூடுதல் எடையுள்ள ஜோ லூயிஸை பில்லி கான் 12 ரவுண்டுகள் வரை திணறடித்தார். நடுவர்களின் மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் அவர் முன்னிலை. 13வது ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கையில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். 1952 செப்டம்பர் 23 அன்று 38 வயது ஜெர்சி ஜோ வால்காட், முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளி, 12 ரவுண்டுக்குப் பிறகு மூன்று அட்டையிலும் முன்னால் இருந்தார். 13வது ரவுண்டில் ஒரே ஒரு வலதுகைக் குத்தில் எல்லாம் முடிந்தது.

1990 மார்ச் 17 அன்று மெல்ட்ரிக் டெய்லர் இரண்டு அட்டைகளில் ஹூலியோ சீசர் சாவேஸைவிட வெகுதூரம் முன்னால் இருந்தார். கடைசி ரவுண்டில் இரண்டு நொடி பாக்கி இருக்கும்போது நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். 1994 நவம்பர் 5 அன்று 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன், எல்லா அட்டையிலும் பின்தங்கியிருந்தும் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். 2019 நவம்பரில் டியான்டே வைல்டர், லூயிஸ் ஓர்ட்டிஸிடம் ஆறு ரவுண்டு தோற்றுக்கொண்டே இருந்து, ஏழாவதில் ஒரே வலதுகையால் முடித்தார்.

இவற்றில் பொதுவான கோடு ஒன்று உண்டு: எல்லாரும் அட்டையில் பின்தங்கியிருந்தவர்கள். வலு என்பது, தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் கடைசி வரை காலாவதியாகாத ஒரு சீட்டு. நுட்ப வீரர் 36 நிமிடமும் சரியாக இருக்க வேண்டும். வலுக்காரர் ஒரு நொடி சரியாக இருந்தால் போதும். ஆனால் நம் நினைவு இங்கே ஒரு பக்கமாகச் சாய்கிறது. பன்னிரண்டு ரவுண்டும் ஒன்றும் நடக்காமல் வலுக்காரர் புள்ளியில் தோற்ற சண்டைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. கடைசி நொடியில் புரண்ட சண்டைகள் மட்டும் தலைமுறை தாண்டி நிற்கின்றன. 1977இல் சான் ஹுவானில் ஜிம்மி யங் என்ற நுட்ப வீரர் இதே ஃபோர்மனைப் புள்ளியில் வென்றதை இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள்?

ஒரு சிறு கணக்கு

சாட்சியங்களை எண்ணாக்கிப் பார்க்கலாம். நுட்ப வீரர் பெரும்பாலான ரவுண்டுகளை வெல்கிறார், ஆனால் எந்த ரவுண்டிலும் அவர் வீழ்த்தப்பட 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து ரவுண்டுச் சண்டையில் அவர் எப்போதாவது வீழும் வாய்ப்பு 40 விழுக்காடு. 12 ரவுண்டில் 46. 15 ரவுண்டில் 54. அதே இரண்டு ஆட்கள், அதே திறமை. ரவுண்டு எண்ணிக்கை மாறியதும் சாதகம் கைமாறிவிடுகிறது.

இப்போது நுட்ப வீரர் தன் தற்காப்பால் அந்த 5 விழுக்காட்டை இரண்டரையாகக் குறைக்கிறார் என்றால், 12 ரவுண்டில் ஆபத்து 26 விழுக்காடாகவும் 15 ரவுண்டில் 32 ஆகவும் இறங்குகிறது. ரவுண்டுகளைக் கூட்டிக் குறைப்பதைவிட, ஒவ்வொரு ரவுண்டின் ஆபத்தைப் பாதியாக்கும் திறனே பெரிது என்பது இதில் தெரியும். உண்மையில் ரவுண்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. கால் தளரத் தளர ஆபத்து ஏறும். மறுபுறம் வலுக்காரரின் கையும் சோரும். இந்த இரண்டில் எது முதலில் நடக்கும் என்பதே நல்ல கணிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி. கின்ஷாசாவில் அலியும் ஃபோர்மனும் மோதியபோது நடந்தது அதுதான்.

முக்கோணம் தரும் பாடம்

கற்பனைச் சண்டைகளைப் பேசுவோர் அதிகம் பயன்படுத்தும் வாதம், “இவர் அவரை வென்றார், அவர் இன்னொருவரை வென்றார், ஆகவே…” என்பது. இந்த வாதத்தை 1970களே உடைத்துவிட்டன. 1971இல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அந்த இருவரையும் ஃபோர்மன் தலா இரண்டே ரவுண்டில் நொறுக்கினார். சங்கிலி வாதப்படி, அலிக்கு ஃபோர்மன் முன் நிற்கவே வழியில்லை. ஆனால் 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனை நாக் அவுட் செய்தார்.

ஏன்? ஃபிரேசியர் குனிந்து நெஞ்சோடு நெஞ்சாக வந்து இடது ஹுக் போடுபவர். அலியின் ஜாப் அவர் தலைக்கு மேலே போயிற்று. ஃபோர்மனுக்கோ குனிந்து நேராக வருபவர்தான் விருப்பமான இலக்கு. அவருடைய அப்பர்கட் அங்கேதான் இருக்கும். நெடிய அலி பின்னால் சாய்ந்தபடி நின்றபோது அந்த அப்பர்கட்டுக்கு இலக்கு இல்லை. அதோடு இன்னொரு விவரம்: கின்ஷாசாவுக்கு முந்தைய மூன்று பட்டப் போட்டிகளிலும் சேர்த்து ஃபோர்மன் ஆடியவை மொத்தம் ஐந்து ரவுண்டுகள். அவருடைய 40 வெற்றிகளில் 37 நாக் அவுட் என்ற எண் எல்லாரையும் மிரட்டியது. ஆறாவது ரவுண்டில் அவர் எப்படி இருப்பார் என்று அந்த எண் சொல்லவில்லை.

அந்த இரவில் அலி நுட்ப வீரர் செய்ய வேண்டியதாக எல்லாரும் நினைத்ததைச் செய்யவில்லை. ஆடி விலகாமல் தளர்ந்த கயிற்றில் சாய்ந்து, கைகளிலும் தோள்களிலும் அடி வாங்கி, கழுத்தைப் பிடித்து இழுத்து, ஃபோர்மனைக் களைக்க வைத்தார். தாளில் கணிக்கும் எவருக்கும் தெரியாதது இதுதான்: உண்மையான வீரர் நடுவில் திட்டத்தை மாற்றிக்கொள்வார். 2018இல் வைல்டரிடம் இரு முறை விழுந்து சமன் செய்த டைசன் ஃப்யூரி, 2020இல் 273 பவுண்டு எடையோடு வந்து, விலகி ஆடுவதை விட்டு முன்னேறி அடித்து ஏழாவது ரவுண்டில் முடித்தார். பின்வாங்கும்போது வைல்டரின் வலதுகைக்கு வலுக் குறைவு என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

மிகக் கடினமான வழக்கு: பெப்பும் சாட்லரும்

நுட்பக் கட்சிக்கு மிகவும் சங்கடம் தரும் வழக்கு வில்லி பெப்–சாண்டி சாட்லர். அடிபடாமல் ஆடுவதில் பெப்புக்கு இணையாகச் சொல்லப்படுபவர்கள் மிகச் சிலர். 1948 அக்டோபரில் சாட்லரைச் சந்திக்கும்வரை 136 சண்டைகளில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றிருந்தார். சாட்லர் நூறுக்கும் மேற்பட்ட நாக் அவுட்களோடு ஓய்வு பெற்றவர். அந்த முதல் சண்டை நான்காவது ரவுண்டில் சாட்லரின் நாக் அவுட்டோடு முடிந்தது. 1949 பிப்ரவரியில் பெப் 15 ரவுண்டு ஆடிப் புள்ளியில் பட்டத்தை மீட்டார். நுட்பம் வலுவை வென்றதற்கு அதைவிடச் சிறந்த இரவு வரலாற்றில் குறைவு. ஆனால் 1950இலும் 1951இலும் சாட்லரே வென்றார். மொத்தம் 3–1.

ஒரே கற்பனைச் சண்டையாக இருந்திருந்தால் 1949ஐ மட்டும் மனத்தில் ஓட்டி, பெப் என்றிருப்போம். தொடராக நடந்ததால் உண்மை தெரிந்தது. சாட்லர் வெறும் வலுக்காரர் அல்லர். ஃபெதர்வெயிட்டுக்கு மிக உயரமானவர், கை நீளமானவர், கட்டிப்பிடிக்கும் தூரத்தில் முரடாகச் சண்டையிடத் தயங்காதவர். பெப்பின் நுட்பம் ஒரு தூரத்தை நம்பியிருந்தது. அந்தத் தூரத்தை அழிக்கும் வழி சாட்லரிடம் இருந்தது. ஒவ்வொரு இரவும் பெப் அதைத் தடுக்க 15 ரவுண்டு ஓடியாக வேண்டும். ஓர் இரவு முடிந்தது. நான்கு இரவு முடியவில்லை.

ஜோ லூயிஸும் இதையே வேறு வகையில் காட்டுகிறார். மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் 1936இல் தோற்றவர், 1938 மறுசண்டையில் முதல் ரவுண்டிலேயே முடித்தார். கானை 1946இல் எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். 1947இல் தன்னை இரு முறை கீழே தள்ளிய வால்காட்டை 1948இல் 11வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். ஆகவே ஒரு சண்டையா, தொடரா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விதி மாறினால் வெற்றியாளர் மாறுவார்

1982 நவம்பரில் ரே மன்சினியோடு 14 ரவுண்டு ஆடி விழுந்த கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாளில் இறந்தார். அதன்பின் பட்டப் போட்டிகள் படிப்படியாக 15இலிருந்து 12 ரவுண்டுக்குக் குறைந்தன. 1988க்குள் எல்லாப் பெரிய அமைப்புகளும் மாறிவிட்டன. இந்த ஒரு மாற்றத்தைப் பழைய சண்டைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். பில்லி கான் ஹெவிவெயிட் சாம்பியன். மார்சியானோ தோற்கடிக்கப்படாதவர் என்ற பெருமை போய்விடும். லெனர்டை வென்றவர் ஹெர்ன்ஸ். கான், வால்காட், ஹெர்ன்ஸ் மூவரும் 12வது ரவுண்டு முடிவில் முன்னிலையில் இருந்தவர்கள்.

இன்னொரு விதி நடுநிலை மூலை. 1919இல் ஜெஸ் வில்லர்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தியபோது, டெம்ப்சி விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்று எழ எழ அடித்தார். 1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோவில் டன்னி ஏழாவது ரவுண்டில் விழுந்தபோது புதிய விதி வந்துவிட்டிருந்தது. டெம்ப்சி மூலைக்குப் போகத் தாமதித்ததால் நடுவர் எண்ணத் தொடங்கவும் தாமதமானது. டன்னி ஒன்பதுக்கு எழுந்தார், உண்மையில் பதினான்கு நொடியளவு கிடைத்திருந்தது. எட்டாண்டுக்கு முந்தைய விதியில் அவர் எழுந்த நொடியிலேயே அடுத்த அடி விழுந்திருக்கும்.

கிளவுஸ் எடை, ரிங் அளவு, எடை பார்ப்பது சண்டையன்றா முந்தைய நாளா, கிளிஞ்சை நடுவர் எவ்வளவு நேரம் அனுமதிப்பார் என்பவையும் இப்படித்தான். சிறிய ரிங், மெல்லிய கிளவுஸ், அதிக ரவுண்டு என்றால் வலுக்காரருக்கு ஆதாயம். பெரிய ரிங், 12 ரவுண்டு, கிளிஞ்சை உடனே பிரிக்காத நடுவர் என்றால் நுட்பக்காரருக்கு. விதியைச் சொல்லாமல் காலம் கடந்த மோதலைக் கணிப்பதில் பொருளில்லை.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

பந்தயக் கடைகளும் தவறியிருக்கின்றன. 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸுக்கு எதிராக டைசனுக்கு 42க்கு 1 என்று விலை போட்டிருந்தார்கள். டைசனைவிட சுமார் ஓரடி நீளமான கை கொண்ட டக்ளஸ் ஜாபால் அவரைத் தூரத்தில் நிறுத்தி, எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து, பத்தாவதில் நாக் அவுட் செய்தார். அதற்கான தடயம் முன்பே இருந்தது. 1987இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் கட்டிப்பிடித்தும் விலகியும் டைசனோடு 12 ரவுண்டும் நின்றிருந்தார்கள். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் வீழ்த்திய காட்சி அந்தத் தடயத்தை மறைத்துவிட்டது.

நாக் அவுட் விழுக்காடு, எல்லா எண்களிலும் ஏமாற்றுவது அதிகம். யாரை நாக் அவுட் செய்தார் என்பது அதில் தெரியாது. 1985இல் தொடங்கிய காம்பியுபாக்ஸ் போன்ற குத்து எண்ணிக்கைகள் கொஞ்சம் உதவும். ஆனால் லேசாகப் பட்ட ஹுக்கையும் தாடையைத் திருப்பிய ஹுக்கையும் அவை ஒன்றாக எண்ணுகின்றன. சதுரங்கப் பாணித் தரவரிசைக் கணக்குகள் ஒரே காலத்தவரை ஒப்பிட உதவுகின்றன. வெவ்வேறு காலத்தவரிடையே பொது எதிராளி இல்லாததால் அங்கே அவை ஊகமாகிவிடுகின்றன. வொரோனரின் கணினியும் விளையாட்டு எழுத்தாளர்களின் கருத்தைத்தான் தின்றது. அதையே எண்ணாக்கித் துப்பியது.

நம் காலத்தில் இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமான நேரடிச் சோதனை ஒன்று நடந்தது. லைட் ஹெவிவெயிட்டில் அர்துர் பெத்தர்பியேவ் அதுவரை 20 சண்டைகளில் 20 நாக் அவுட். டிமித்ரி பிவோல் 2022இல் கனெலோ அல்வாரெஸையே புள்ளியில் வென்ற நுட்ப வீரர். 2024 அக்டோபர் 12 அன்று ரியாத்தில் மோதினார்கள். நாக் அவுட் இல்லை. அட்டைகள் 114–114, 115–113, 116–112 என்று பெத்தர்பியேவுக்குச் சென்றன. 2025 பிப்ரவரி 22 அன்று மறுசண்டை. அட்டைகள் அதே 114–114, 115–113, 116–112. இந்த முறை பிவோலுக்கு. உச்ச நிலையில் வலுவும் நுட்பமும் சம எடையோடு மோதினால் வித்தியாசம் ஓரிரு ரவுண்டுதான் என்பதை 24 ரவுண்டு காட்டிவிட்டது. பெத்தர்பியேவ் அப்போது நாற்பதை ஒட்டிய வயது, பிவோல் முப்பதுகளின் நடுவில் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கற்பனைச் சண்டைகள்

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்போம். 12 ரவுண்டு, இன்றைய விதி, இருவரும் உச்ச ஆண்டில்.

1966இன் அலியும் 1952இன் மார்சியானோவும். கை நீளத்தில் அலிக்கு சுமார் பத்து அங்குலம் ஆதாயம், எடையில் இருபது பவுண்டுக்கு மேல். அலியைக் கீழே தள்ளிய அடிகளில் புகழ்பெற்றவை ஹென்றி கூப்பரின் இடது ஹுக், ஃபிரேசியரின் இடது ஹுக். மார்சியானோவின் தலையாய ஆயுதம் வலதுகை. 1954இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு மோதியபோது மார்சியானோவின் மூக்கு பிளந்த விதத்தை நினைத்தால், அலியின் ஜாபுக்கு முன் அவர் முகம் நீண்ட நேரம் தாங்காது. பத்தில் எட்டு அலிக்கு.

அதே அலியும் 1988இன் டைசனும். இங்கே இடது ஹுக் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. முதல் நான்கு ரவுண்டு அலிக்கு உண்மையான ஆபத்து. அதைத் தாண்டினால் நீளமும் கிளிஞ்சும் வேலை செய்யும்; டக்கரும் டக்ளஸும் வழி காட்டியிருக்கிறார்கள். பத்தில் ஏழு அலிக்கு. டைசனின் மூன்றில் பெரும்பங்கு ஆரம்ப ரவுண்டுகளிலேயே.

அலியும் ஜோ லூயிஸும். கால் வேகமுள்ளவர்கள் லூயிஸை எப்போதும் சிரமப்படுத்தினார்கள். முதல் சண்டை அலிக்கு, பத்தில் ஏழு. மறுசண்டை என்றால் ஆறுக்கு மேல் கொடுக்க மாட்டேன். லூயிஸ் ஒருவரை இரண்டாம் முறை பார்க்கும்போது என்ன செய்வார் என்பதற்குப் பதிவு இருக்கிறது.

தீர்ப்பு

மொத்தச் சாட்சியங்களையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நுட்பக்காரர் பக்கமே சாய்கிறது, மூன்று நிபந்தனைகளோடு. அவர் உடல் அளவில் மிகச் சிறியவராக இருக்கக்கூடாது. எதிராளி கவலையின்றி உள்ளே நுழைய முடியாத அளவுக்காவது அவர் கையில் அடி இருக்க வேண்டும். தூரம் அழிந்தால் கட்டிப்பிடித்துப் பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் உள்ள டன்னி, அலி, ஹாப்கின்ஸ் வென்றார்கள். ஒன்று குறைந்த கான், டெய்லர், பெப் வீழ்ந்தார்கள். வலுக்காரரைத் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல காரணம், அவருடைய வலுவைக் கொண்டு சேர்க்கும் நுட்பமும் அவரிடம் இருப்பதுதான்.

அடுத்த முறை நண்பர்களோடு இப்படி ஒரு வாதத்தில் இறங்கினால், முதலில் ஆண்டையும் எடையையும் ரவுண்டையும் விதியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, பத்து முறை மோதினால் எத்தனை முறை வெல்வார் என்று எண்ணாகச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து என்பவரோடு வாதத்தைத் தொடர வேண்டியதில்லை. 42க்கு 1 என்று விலை வைக்கப்பட்ட சண்டையிலேயே அந்த ஒன்று நடந்திருக்கிறது.